மலையைத் தாண்டிய காற்று: நெல்லைச் சீமையின் மழையும் மழை மறைவும்

ஜூலை மாதம் குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருக்கும்; ஐந்தருவியில் குளிப்பதற்குக் கூட்டம் வரிசையில் நிற்கும். அதே நாள், அதே நேரம், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் கிழக்கே பாளையங்கோட்டையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று தெருப் புழுதியை வாரிக் கண்ணில் இறைக்கும். வானத்தில் மேகங்கள் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு சொட்டு விழாது. இன்னும் கிழக்கே சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் போனால் தேரிகள் எனப்படும் செம்மணல் மேடுகளில் காற்று மட்டும்தான்.

நெல்லைச் சீமையில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. காரணம் கேட்டால், "மலை மழையை மறித்துவிடுகிறது" என்பார்கள். பள்ளிப் பாடமும் 'மழை மறைவுப் பகுதி' என்று ஒரே வரியில் முடித்துவிடும். அந்தப் பதில் தவறில்லை. பாதிப் பதில், அவ்வளவுதான். மேகங்கள் மலையிடம் தோற்று மேற்கிலேயே நின்றுவிடுவதில்லை. தாராளமாகத் தாண்டி வருகின்றன. பாளையங்கோட்டை வானத்தில் ஓடுபவை அப்படி வந்தவைதாம். தாண்டிய பிறகு அந்தக் காற்றுக்கு என்ன நேர்கிறது என்பதுதான் கேள்வி. அதைப் புரிந்துகொண்டால் இதே சீமையில் டிசம்பரில் ஏன் கொட்டித் தீர்க்கிறது, தாமிரபரணி ஏன் வற்றுவதில்லை, ஆரல்வாய்மொழியில் ஏன் அத்தனை காற்றாலைகள் என்ற கேள்விகளுக்கும் வழி திறந்துவிடும்.

நெல்லைச் சீமை என்று இங்கே குறிப்பிடுவது பழைய திருநெல்வேலி மாவட்டம் முழுவதையும். 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகிவிட்டன. ஆனால் காற்றையும் ஆற்றையும் பற்றிப் பேச வேண்டுமானால் மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மலை நிற்கும் விதம்

சீமையின் மேற்கு எல்லை முழுவதும் மேற்குத் தொடர்ச்சி மலை. சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், குற்றாலம், பாபநாசம், களக்காடு, பணகுடி என்று ஊர்களை வடக்கிலிருந்து தெற்காகச் சொல்லிக்கொண்டே போனால் அதுவே மலையடிவாரத்தின் வரைபடம். பொதிகையின் உச்சியான அகத்தியர் மலை 1,868 மீட்டர் உயரம். தெற்கே பணகுடிக்கு மேலே நிற்கும் மகேந்திரகிரியும் 1,600 மீட்டரைத் தாண்டியது. விண்வெளி ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் நிலையம் அந்த மலையின் அடியில்தான் இருக்கிறது.

இந்த மலையில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, அது எழும்பும் வேகம். அம்பாசமுத்திரத்தில் வயல் வரப்பில் நின்று மேற்கே பார்த்தால், நெல் வயல் முடிகிற இடத்திலிருந்து சில கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கும் மேலே பாறைச் சரிவு எழும்பி நிற்கும். மெல்ல மெல்ல உயரும் மேடு அல்ல இது. பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி இறுகிய மிகப் பழைய பாறைகள், எளிதில் கரையாதவை. காற்றுக்கு இங்கே சுற்றிப் போக இடமில்லை. வந்தால் ஏறித்தான் ஆக வேண்டும்.

ஆனால் இரண்டு இடங்களில் மலை தாழ்ந்து வழிவிடுகிறது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் ஒன்று. தெற்கே மலைத்தொடர் முடியப்போகும் இடத்தில், குமரி மாவட்டத்து எல்லையில் ஆரல்வாய்மொழிக் கணவாய் மற்றொன்று. இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறும் காற்றும் இறங்கும் காற்றும்

ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையை அடைகிறது. அரபிக் கடலின் மேல் நெடுந்தூரம் வந்த காற்று அது, ஈரம் நிறைந்தது. கொல்லம் கடற்கரையில் அதன் வெப்பநிலை 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே வந்து மலையில் மோதி ஏறத் தொடங்குகிறது.

மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் காற்று விரிவடைகிறது; விரிவடையும்போது குளிர்கிறது. ஈரம் இன்னும் நீராக மாறாத நிலையில், ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி குறையும். நம் காற்று 500 மீட்டர் ஏறியதும் 23 டிகிரிக்கு வந்துவிடுகிறது. அந்த அளவுக்குக் குளிர்ந்த காற்றால் தன்னிடமுள்ள ஈரத்தை ஆவியாகவே வைத்துக்கொள்ள முடியவில்லை. குளிர்ந்த நீர் ஊற்றிய செம்பின் வெளிப்பக்கம் வேர்ப்பதைப்போல, காற்றில் மிதக்கும் நுண்துகள்களின்மேல் நீர் படிகிறது. மேகம் உருவாகிறது. மழை தொடங்குகிறது.

இனிமேல்தான் கதை மாறுகிறது. நீரை ஆவியாக்க வெப்பம் தேவை அல்லவா? ஆவி மறுபடி நீராகும்போது அதே வெப்பத்தைக் காற்றிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதனால் மழை பெய்தபடி ஏறும் காற்று முன்போல வேகமாகக் குளிர்வதில்லை. 1,000 மீட்டருக்கு 5 டிகிரி அளவில்தான் குறைகிறது. 1,500 மீட்டர் முகட்டை அடையும்போது அது 18 டிகிரியில் இருக்கும். ஈரத்தில் பெரும்பங்கை வழியிலேயே கேரளத்துக்குக் கொடுத்துவிட்டது. கேரளத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 3,000 மில்லிமீட்டர் என்பதற்கு இந்த ஏற்றம் ஒரு பெரிய காரணம்.

முகட்டைத் தாண்டியதும் காற்று கிழக்குச் சரிவில் இறங்குகிறது. இறங்கும்போது அழுத்தம் கூடுகிறது, காற்று அமுங்குகிறது, அமுங்குவதால் சூடாகிறது. இப்போது நீராக மாற ஈரம் இல்லை. ஆகவே 1,000 மீட்டருக்கு முழுமையாக 10 டிகிரி ஏறுகிறது. அடிவாரச் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 1,400 மீட்டர் இறங்கிய காற்று 14 டிகிரி சூடேறி 32 டிகிரியாகிவிடுகிறது. கொல்லத்தில் 28 டிகிரியில் புறப்பட்ட அதே காற்று, நம் ஊருக்கு வரும்போது 4 டிகிரி கூடுதல் சூட்டுடனும் மிகக் குறைந்த ஈரத்துடனும் வருகிறது.

இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள். உண்மையில் நாளுக்கு நாள் மாறும். ஆனால் முறை இதுதான். சூடான காற்று இன்னும் அதிக ஈரத்தைத் தாங்கக்கூடியது என்பதால், மலையைத் தாண்டி வந்த மேகத் துளிகளும் இறங்கும் வழியிலேயே ஆவியாகிக் கலைகின்றன. உயரத்திலேயே மிதக்கும் மேகங்கள் மட்டும் நம் தலைக்கு மேலே ஓடுகின்றன. இறங்கும் காற்றுக்கு மழை தரும் குணம் கிடையாது. ஈரத்தை உறிஞ்சும் குணம்தான் உண்டு. ஆகஸ்ட், செப்டம்பரில்கூட நெல்லையில் வெயில் தணியாமல் இருப்பதற்கும், துவைத்துப் போட்ட வேட்டி நொடியில் உலர்வதற்கும், கண்மாய்த் தண்ணீர் கண்ணெதிரே குறைவதற்கும் இதுவே காரணம்.

குற்றாலத்துக்கு மட்டும் சாரல் எப்படி வந்தது?

இந்தக் கணக்குப்படி குற்றாலமும் மலைக்குக் கிழக்கேதான் இருக்கிறது. அதுவும் காய்ந்து கிடந்திருக்க வேண்டும். ஆரியங்காவுக் கணவாய்தான் அதைக் காப்பாற்றியது.

முகடு தாழ்ந்திருக்கும் இடத்தில் காற்று அதிகம் ஏறவும் வேண்டாம், ஏறிய உயரத்திலிருந்து அதிகம் இறங்கவும் வேண்டாம். இழந்த ஈரமும் குறைவு, பிடித்த சூடும் குறைவு. இரண்டு பக்கமும் உயர்ந்த மலைகள் நெருக்குவதால் காற்று கணவாய்க்குள் வேகமெடுத்துப் பாய்கிறது. மேகங்கள் கலைவதற்குள் கிழக்குப் பக்கம் வந்து சேர்ந்துவிடுகின்றன. மழையாகக் கொட்டும் கனம் அவற்றுக்கு இல்லை. மெல்லிய துளிகளாகக் காற்றோடு சாய்ந்து விழுகின்றன. சாரல் என்று நாம் கொண்டாடுவது மலையைத் தாண்டித் தப்பி வந்த மழையின் மிச்சத்தைத்தான். நடுநடுவே இளவெயில் அடிப்பதும், இரண்டு நிமிடத்தில் மறுபடி தூறுவதும் அதனால்தான். மேலே திரிகூட மலையின் காடுகளில் இதைவிடக் கனமாகப் பெய்கிறது. அந்த நீர்தான் சிற்றாறாகிப் பேரருவியில் விழுகிறது.

இதை நேரில் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஜூலையில் புனலூரிலிருந்து செங்கோட்டைக்கு ரயிலில் வாருங்கள். 1904இல் போடப்பட்ட பாதை இது. மீட்டர் கேஜாக இருந்து அகலப் பாதையாக மாறி 2018இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. தென்மலைக்கு அருகே பதின்மூன்று கண் பாலத்தைத் தாண்டும்போது வெளியே மழையும் பச்சையும் அடர்ந்திருக்கும். ஆரியங்காவுச் சுரங்கப்பாதையைக் கடந்து செங்கோட்டைப் பக்கம் இறங்க இறங்க, மழை தூறலாகி, தூறல் வெறும் குளிர்காற்றாகிவிடும். அதே நாளில் தென்காசி, பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று கிழக்கே பயணத்தைத் தொடர்ந்தால் குளிர்காற்று வெறுங்காற்றாவதையும் உடலே சொல்லிவிடும். எந்தப் பாடநூலைவிடவும் நல்ல பாடம் இது. இந்த ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிகள் ஒருமுறையாவது இந்தப் பாதையில் அழைத்துப்போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆரல்வாய்மொழியிலும் இதே நெருக்கமும் வேகமும் உண்டு. அங்கே ஈரத்தைவிட வேகம்தான் அதிகம் கிடைக்கிறது. முப்பந்தல் தொடங்கிப் பணகுடி, வள்ளியூர், இராதாபுரம் வரை காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதும், மே முதல் செப்டம்பர் வரை அவை மும்முரமாகச் சுழல்வதும் இந்தக் கணவாயின் கொடை.

காற்று திரும்பினால் மறைவும் இடம் மாறும்

பாடநூல்களின் ஒற்றை வரி செய்யும் பெரிய தீங்கு, மழை மறைவை ஓர் ஊரின் நிரந்தரக் குணம்போலக் காட்டிவிடுவது. அது காற்றின் திசையைப் பொறுத்தது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கச் சரிவு நனையும், எதிர்ப் பக்கம் காயும். திசை மாறினால் நனையும் பக்கமும் மாறும்.

அக்டோபரில் அதுதான் நடக்கிறது. தென்மேற்குக் காற்று ஓய்ந்து, வங்காள விரிகுடாவின் மேலிருந்து வடகிழக்குக் காற்று வீசத் தொடங்குகிறது. இப்போது நம் கிழக்குச் சரிவே காற்றை எதிர்கொள்ளும் பக்கம். சமவெளியின் மேல் தடையின்றி வந்த ஈரக்காற்று அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே அந்தச் செங்குத்தான சரிவில் ஏறுகிறது. முன்பு கேரளத்துக்குச் சொன்ன அத்தனையும் இப்போது மாஞ்சோலைக்குப் பொருந்தும். குமரிக்கடல் பகுதியில் காற்றழுத்தத் தாழ்வோ மேலடுக்குச் சுழற்சியோ உருவாகும் நாள்களில், மாநிலத்தின் மழைப் பட்டியலில் ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை என்ற பெயர்கள் உச்சியில் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மணிமுத்தாறு அணைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டப் பகுதிகள் இவை. முகட்டை ஒட்டியிருப்பதால் தென்மேற்கு மழையிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. இரண்டு பருவமும் சேர்ந்து காக்காச்சியில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. அங்கிருந்து ஒரு பஸ் பயணத் தொலைவில் உள்ள பாளையங்கோட்டைக்குக் கிடைப்பது சுமார் 700 மில்லிமீட்டர்.

அணைகளும் இதற்குச் சாட்சி. பாபநாசம் அணையின் (143 அடி) நீர்ப்பிடிப்பு முகட்டை ஒட்டிய உள்காடுகளில் இருக்கிறது. ஜூன், ஜூலையிலேயே நீர்மட்டம் ஏறத் தொடங்கும். 1958இல் கட்டி முடிக்கப்பட்ட மணிமுத்தாறு அணை (118 அடி) அதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. ஆனால் அது நிரம்புவதற்குப் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை வர வேண்டும். பக்கத்துப் பக்கத்து அணைகள் இரண்டு வெவ்வேறு கடல்களின் காற்றை நம்பியிருக்கின்றன.

சமவெளியும் தன் மழையில் பெரும்பங்கை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெறுகிறது. சங்கரன்கோவில், கோவில்பட்டிக் கரிசல் காட்டில் உளுந்தும் பருத்தியும் கம்பும் விதைப்பவர்கள் காத்திருப்பது இந்த மழைக்காகத்தான். அங்கே ஆற்றுப் பாசனம் இல்லை. வைப்பாறு மழை முடிந்ததும் வறண்டுவிடும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடியோடு வரும் கோடை மழையும் உண்டு. சூட்டைத் தணிக்க அது உதவும், குளத்தை நிரப்பாது.

இரண்டு மழையையும் சேர்த்து வைக்கும் காடு

தாமிரபரணி பிறப்பதும் கடலில் கலப்பதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. பொதிகையில் தொடங்கிப் புன்னைக்காயல் அருகே கடலைச் சேரும்வரை 128 கிலோமீட்டர்தான். இவ்வளவு குறுகிய ஆறு, ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் மழை பெய்யும் சமவெளியில் ஓடியும் வற்றாத ஆறாக இருப்பதை ஒரு சாதாரணச் செய்தியாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

பாபநாசத்திலிருந்து மேலே ஏறினால் விடை தெரியும். அடிவாரத்தில் உடைமரமும் முட்புதரும். சற்று மேலே முண்டந்துறை மேட்டு நிலத்தில் கோடையில் இலையுதிர்க்கும் காடு. இன்னும் உயரே போனால் ஆண்டு முழுவதும் பசுமை மாறாத மழைக்காடு; சோலைமந்திகள் வாழும் காடு. ஒரு சில மணி நேர ஏற்றத்துக்குள் வறண்ட நிலம் மழைக்காடாகிவிடுகிறது. 1988இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது இந்தக் காடுதான். புலியைக் காப்பதற்கு ஏற்படுத்திய அந்தக் காவல், ஆற்றின் தலைமாட்டுக்கும் காவலாக இருக்கிறது.

மழைக்காட்டில் மழை நேரடியாகத் தரையில் அறைவதில்லை. அடுக்கடுக்கான இலைகளில் பட்டு, கிளை வழியே வழிந்து, ஆண்டாண்டாகச் சேர்ந்த இலைமட்கில் இறங்கி, மண்ணுக்குள் ஊறி, பாறை இடுக்குகள் வழியே நாள் கணக்கில், மாதக் கணக்கில் கசிந்து ஓடைக்கு வருகிறது. ஜூலை மழையின் நீர் அக்டோபர் வரையும், டிசம்பர் மழையின் நீர் வேனில் வரையும் ஓடைகளில் வந்துகொண்டிருக்க இந்தத் தாமதமே காரணம். இரண்டு பருவமழையின் இடைவெளியைக் காடு நிரப்புகிறது. நாம் கட்டிய அணைகளுக்கு முன்பே இருந்த சேமிப்பு இது. அணைகளைவிட நம்பகமானது என்றும் சொல்வேன். மேலே காடு இல்லையென்றால் அணைக்கு வருவது ஒரே வாரத்து வெள்ளமும் வண்டலும்தான்.

கீழே மனிதர்கள் தங்கள் ஆண்டையே இந்த இரட்டை மழைக்கு ஏற்ப அமைத்துக்கொண்டார்கள். தென்மேற்குப் பருவத்தில் அணைக்கு வரும் நீரை நம்பி ஜூனில் தொடங்குவது கார் சாகுபடி. வடகிழக்கு மழையை நம்பிப் பின்பனிக் காலம்வரை நீள்வது பிசானம். கார் பருவத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள்: வயலின் மேல் மழை பெய்யாது, வறண்ட மேல்காற்று வீசும், ஆனால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். மலைக்கு மேலே பெய்த மழையில் விளைகிற நெல் அது. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் அந்த நீரைக் கால்வாய்களுக்கும் குளங்களுக்கும் பிரித்துக் கொடுக்கின்றன. கால்வாய் எட்டாத நான்குநேரி, இராதாபுரம் பக்கத்தில் நம்பியாறும் சிறு குளங்களும்தான் கதி. மழை தவறினால் அங்கே முதலில் தெரியும்.

கிழக்குக் கோடியில் தேரி. ஆரல்வாய்மொழி வழியே பாய்ந்து, ஈரம் இழந்து, சமவெளியில் தடையின்றி வரும் மேல்காற்று நீண்ட காலமாக மண்ணை வாரிக் கொண்டுவந்து குவித்த மேடுகள் இவை. மணல்மணிகளின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடு அவற்றுக்குச் சிவப்பு நிறம் தந்தது. பனையும் கொல்லாமரமும் உடையும் மட்டுமே பிடித்து நிற்கும் இந்த மண்ணில், ஆதி மனிதர் பயன்படுத்திய சிறு கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன.

மறைவுப் பகுதியில் வெள்ளம்

1992 நவம்பரில் காக்காச்சியில் ஒரே நாளில் 965 மில்லிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டது. அது மலை, காற்று ஏறும் இடம், கணக்கு எளிதில் புரியும். 2023 டிசம்பரில் நடந்தது வேறு. டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் கடலோரக் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வதைவிட அதிகம். அங்கே மலை கிடையாது. குமரிக்கடலை ஒட்டிய வளிமண்டலச் சுழற்சி நகராமல் நிற்க, கடலிலிருந்து ஈரக்காற்று இடைவிடாமல் கரைக்கு வந்தது. கடல்மேல் வேகமாக வரும் காற்று தரையைத் தொட்டதும் வேகம் குறைந்து குவியும். குவிந்த காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. மலை செய்யும் வேலையை அன்று கடற்கரையே செய்தது. அதே காற்று மேற்கே போய் மாஞ்சோலையிலும் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கரையோரத்தில் பெய்த நீர் வடிவதற்கு முன்பே மலையில் பெய்த நீரும் ஆற்றில் இறங்கி வந்து சேர்ந்ததால்தான் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகள் அப்படி மூழ்கின.

எனவே நவம்பர், டிசம்பரில் குமரிக்கடலில் தாழ்வு நிலை என்று வானிலை அறிக்கை சொன்னால், ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருப்பவர்கள் தங்கள் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது. ஊத்து, நாலுமுக்கு மழை அளவையும், பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தையும், அணைகளிலிருந்து திறக்கப்படும் உபரி நீரின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நெல்லையில் மழை ஓய்ந்து வெயில் எட்டிப்பார்த்த பிறகும், மலையில் பெய்தது ஆற்றில் வந்துகொண்டிருக்கும்.